செவ்வாய்க்கிழமை பின்னேரம் யார் வருவார்? – சுன்னாகத்து முதியோரும் தனிமையும்

சுன்னாகம் சந்தை விடியும் முன்பே விழித்துவிடும். மரக்கறி மூட்டைகள் இறங்கும் சத்தம், பேரம் பேசும் குரல்கள், காங்கேசன்துறை வீதியில் பேருந்துகளின் ஹோர்ன். அந்த வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே திரும்பினால் எல்லாம் அடங்கிவிடும். உயர்ந்த மதில், பூட்டிய கேற், மதிலுக்கு மேலே ஒரு சிசிரிவி கமரா. உள்ளே ஓர் அம்மா, அல்லது ஓர் ஐயா. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ இருக்கும் பிள்ளை கைத்தொலைபேசியில் அந்தக் கமராவைத் திறந்து பார்க்கிறது. அம்மா முற்றம் கூட்டுவது தெரிகிறது. கதிரையில் இருப்பது தெரிகிறது. அம்மா இன்றைக்கு யாருடனாவது கதைத்தாரா என்பது மட்டும் கமராவில் தெரிவதில்லை.

கமரா இல்லாத வீடுகளும் உண்டு. வெளிநாட்டில் ஒருவரும் இல்லாதவர்கள், இருந்த பிள்ளையைப் போரில் இழந்தவர்கள், கலியாணம் கட்டாமல் பெற்றோரையும் சகோதரரையும் பார்த்தே வயது போன பெண்கள். அந்த வீடுகளின் படலை பூட்டப்படுவதில்லை. ஆனால் திறந்துகொண்டு வரவும் ஆளில்லை.

இவர்களுக்கு உதவியே வருவதில்லை என்று சொல்ல முடியாது. ஒக்ரோபர் 1ஆம் திகதி, சர்வதேச முதியோர் தினத்தன்று பொன்னாடை வரும். பண்டிகைக் காலத்தில் உலர் உணவுப் பொதி வரும். புலம்பெயர்ந்த ஒருவரின் பிறந்தநாள், பெற்றோரின் திவசம் என்றால் முதியோர் இல்லத்தில் ஒரு நாள் மதிய உணவு. கூடவே ஒரு புகைப்படம். இவற்றைப் பழிப்பதற்கில்லை. பசித்த வயிற்றுக்குச் சோறு சோறுதான். ஆனால் தனிமை ஒரு நாள் சாப்பாட்டுடன் தீர்ந்துவிடும் பசி அல்ல. அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் யார் வருவார் என்பதுதான் தனித்திருப்பவரின் கேள்வி. ஒழுங்காக வந்துபோகும் ஊர்த் தொண்டர்களைக் கொண்டு சுன்னாகம் போன்ற ஓர் ஊர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? முடியுமென்றால் எது தடுக்கிறது?

வீடுகள் வெறுமையான வரலாறு

இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தச் சனத்தொகையில் 6.6 வீதமாக இருந்தார்கள். 2012இல் அது 12.4 வீதம். பிறப்பு குறைந்தது, ஆயுள் கூடியது. இது நாடு முழுவதற்கும் பொதுவான கதை. யாழ்ப்பாணத்தின் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. இன்றைய கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்க்காமலே 1981இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில், 2012இல் எண்ணப்பட்டவர்கள் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகை வளர்ந்த அதே மூன்று தசாப்தங்களில் இந்த மாவட்டம் சுருங்கியது. கொல்லப்பட்டவர்களிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களிலும், புலம்பெயர்ந்தவர்களிலும் பெருந்தொகையானோர் இளையவர்கள். வீட்டையும் காணியையும் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பெற்றோர்.

இன்று 80 வயதைத் தொடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1983இல் அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை. 1987இல் இந்திய இராணுவத்தின் போரைக் கண்டார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது சுன்னாகமும் நடந்தது. அப்போது அவருக்கு 50 வயது. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்திருப்பார், சைக்கிள் கரியரில் வயதான தாயையோ தகப்பனையோ ஏற்றியிருப்பார். 1996இல் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். வன்னிக்குப் போன சிலருக்கு அந்தப் பயணம் 2009 மே வரை நீண்டது. அன்று தங்கள் பெற்றோரைத் தூக்கிக்கொண்டு நடந்த தலைமுறைதான் இன்று முதுமையில் இருக்கிறது. தங்களைத் தூக்க ஆள் இருக்குமா என்று அது கேட்பதில் நியாயம் உண்டு.

போர் முடிந்த பிறகும் போவது நிற்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இன்னோர் அலை எழுந்தது. கனடா வருகை விசாவைப் பற்றிய பேச்சு 2023இல் எழாத வீடு வலிகாமத்தில் குறைவு. முன்பு உயிருக்குப் பயந்து போனார்கள், இப்போது வாழ்க்கைச் செலவுக்குப் பயந்து போகிறார்கள். வீட்டில் மிஞ்சுபவர் இரண்டு தடவையும் ஒருவரே.

ஒரே சொல், பல தனிமைகள்

தனிமை என்ற ஒரு சொல்லுக்குள் பல வாழ்க்கைகள் இருக்கின்றன. பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கு ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் அழைப்பு வரலாம். காசும் வரும். ஆனால் காய்ச்சல் வந்த இரவில் ஒரு கிளாஸ் சுடுதண்ணி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. நேர வித்தியாசம் வேறு. அங்கே வேலை முடியும் நேரத்தில் இங்கே நடுச்சாமம். பிள்ளை கவலைப்படும் என்று தன் வருத்தத்தை மறைத்து, "நான் நல்லாய் இருக்கிறன்" என்று சொல்லிப் பழகிய தாய்மார் ஏராளம்.

பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாயின் தனிமை வேறு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய வீதியோரப் போராட்டங்களில் அமர்ந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களுக்குத் துக்கம் காப்பதற்கும் வழியில்லை, காத்திருப்பதை விடுவதற்கும் மனமில்லை. இவர்களிடம் போய் "பழசை மறந்துவிடுங்கோ" என்று சொல்லும் தொண்டர், போகாமலே இருப்பது நல்லது.

மூன்றாவது, இடத்தை இழந்த தனிமை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம், கண்ணகி முகாம், மல்லாகம் கோணாப்புலம் முகாம் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தன. 40 வயதில் முகாமுக்கு வந்தவர் 65 வயதுக்குப் பிறகு காணி விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினால், அங்கே காணி இருக்கிறது, கிணறு இருக்கிறது. பக்கத்து வீட்டார் இல்லை. முகாமின் நெருக்கடிக்குள் வேலிக்கு வேலி கதைத்துப் பழகியவருக்கு, விடுவிக்கப்பட்ட நிலமே தனிமையாகிவிடுகிறது.

நான்காவது, வறுமையின் தனிமை. வெளிநாட்டுக் காசு வரும் வீட்டில் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கூலி வேலை செய்து முதுமை அடைந்தவருக்கு அது முடியாது. ஒரே ஒழுங்கையில் இரண்டு பேரும் தனித்திருக்கலாம். ஆனால் புலம்பெயர் காசு தன் உறவுகளுக்கு மட்டுமே வரும், ஊரில் தனித்திருக்கும் எல்லோருக்கும் வராது. தொண்டு என்ற ஒன்று தேவைப்படுவது இந்த இடைவெளியில்தான்.

சட்டம் எட்டும் தூரம்

முதியோருக்காகச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் முதியோருக்கான தேசிய சபையையும் தேசிய செயலகத்தையும் உருவாக்கியது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புச் செலவு கேட்டு முறையிட ஒரு சபையையும் அமைத்தது. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கிராம அலுவலர் பிரிவுதோறும் முதியோர் சங்கம் அமைக்கும் ஏற்பாடு இருக்கிறது. சுன்னாகம் அடங்கும் உடுவில் பிரதேச செயலகப் பிரிவுக்கும் இவை பொருந்தும். 70 வயதைக் கடந்த, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் ஓர் எல்லை தெரிகிறது. பராமரிப்புச் செலவு கேட்டுச் சபைக்குப் போகலாம். மாதத்தில் நான்கு தடவை வந்து என்னோடு கதைக்கச் சொல்லுங்கள் என்று கேட்க எந்தச் சபையும் இல்லை. முதியோர் சங்கக் கூட்டத்துக்கு வருபவர் நடக்கக்கூடியவர், காது கேட்பவர், வீட்டை விட்டு வெளியே வரும் மனநிலையில் இருப்பவர். யாருக்குத் துணை கூடுதலாகத் தேவையோ அவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. சனசமூக நிலையமும் அப்படியே. ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு வாசிகசாலை என்பது யாழ்ப்பாணச் சமூகம் தானாகக் கட்டி வளர்த்த பெரிய சொத்து. காலையில் பத்திரிகை வாசிக்க வரும் முதியவர்களுக்கு அது ஒரு மருந்து. ஆனால் அங்கே வருபவர்கள் ஆண்கள். வயதான பெண்களுக்குக் கோயிலும் சந்தையும்தான் வெளியுலகம். முழங்கால் வலி வந்த நாளிலிருந்து அந்த இரண்டும் மூடிவிடும்.

முதியோர் இல்லங்களும் இருக்கின்றன. கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை முதியோர் இல்லம் நடத்துகிறது. போக இடமற்றவர்களுக்கு இவை பெரும் புகலிடம். ஆனால் பெரும்பாலான முதியோர் தங்கள் வீட்டிலேயே, தங்கள் கிணற்றடியிலேயே இருக்க விரும்புகிறார்கள். மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்த ஒருவரிடம் "இன்னுமொரு தடவை எழும்பி வாருங்கோ" என்று கேட்பது சின்னக் காரியமல்ல.

கடைசி நூறு மீற்றர்

சுன்னாகத்துக்கு இது புதிய பாடமுமல்ல. சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாக வெடித்தபோது, குடிநீர் பவுசர்களில் வந்தது. வீதியோரத்தில் தாங்கிகள் வைக்கப்பட்டன. ஊருக்குத் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் தாங்கியிலிருந்து வீட்டுக் குசினி வரை உள்ள அந்த நூறு மீற்றர்? குடம் தூக்க முடியாதவருக்கு அந்த நூறு மீற்றரில் பவுசர் உதவாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உதவும், அல்லது ஒருவரும் உதவமாட்டார்கள்.

2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொரோனா கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டு உடுவில் பிரதேசம் முடக்கப்பட்டபோது, எல்லா வயதினரும் ஒரே அனுபவத்தைப் பெற்றோம். வெளியே போக முடியாது, யாரும் வரமாட்டார்கள், தொலைபேசிதான் துணை. நாங்கள் சில வாரங்களில் சலித்துப்போன அந்த வாழ்க்கையைத்தான் வீட்டோடு முடங்கிய முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணைக்குழு 2025 ஜூன் மாத இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சத்து 71 ஆயிரம் மரணங்கள் தனிமையோடு தொடர்புபட்டவை என்று அது மதிப்பிடுகிறது. பாரிசவாதம், இருதய நோய், நீரிழிவு, ஞாபகசக்தி குறைதல், மனச்சோர்வு ஆகியவற்றின் ஆபத்தைத் தனிமை கூட்டுகிறது. இளையவர்களிடையேயும் தனிமை கூடுதலாக இருப்பதை அதே அறிக்கை காட்டுகிறது. வாசலில் நிற்கும் தொண்டருக்கும் அந்தச் சந்திப்பு தேவைப்படலாம் என்பதே இதன் பொருள்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

எங்களுக்கு மிக அருகில் உள்ள உதாரணம் கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு முயற்சி, 2000களின் தொடக்கத்தில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்மக்களின் கைக்கு மாறியது. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய எவரும் தொண்டராகலாம். முதலில் பயிற்சி. பிறகு தன் அயலில் உள்ள நோயாளிகளைத் தவறாமல் போய்ப் பார்ப்பது. மருந்தும் காயத்துக்கான பராமரிப்பும் தாதியின் வேலை. கதைப்பது, கேட்பது, குடும்பத்துக்கு அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது தொண்டரின் வேலை. செலவில் பெரும் பகுதி ஊர்மக்களின் சிறு நன்கொடைகளால் திரட்டப்பட்டது. அந்த அத்திவாரத்தின் மேல்தான் 2008இல் கேரள அரசு தன் கொள்கையை அறிவித்தது. ஊர் தொடங்கியது, அரசு பின்னால் வந்தது.

பிரித்தானியாவில் 1965இல் தொடங்கிய ஒரு அமைப்பு, தனித்து வாழும் முதியோரை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரு தொண்டரின் வீட்டில் தேநீருக்கு ஒன்றுகூட்டுகிறது. இன்று அதன் பெயர் ரீ-என்கேஜ். ஒரு தொண்டர் வாகனத்தில் கூட்டிப்போவார், இன்னொருவர் வீட்டில் வரவேற்பார். நாள் முன்பே தெரியும். அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுவதும் காத்திருக்க முடிகிறது. ஆபிரிக்காவில் சிம்பாப்வே 2006இல் இன்னொரு வழியைக் காட்டியது. உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா, 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய முற்றத்து வாங்குகளில் அமர்த்தி, மனச்சோர்வுடன் வருபவர்களின் கதையைக் கேட்கச் செய்தார். அங்கே முதியவர்கள் உதவி பெறுபவர்களாக இருக்கவில்லை, உதவி செய்பவர்களாக இருந்தார்கள்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பவை மூன்று விடயங்கள். நாளும் நேரமும் நிலையானவை. வருபவர் மாறாத ஆள். அவருக்குப் பயிற்சியும் பின்னால் கேட்டுப் பார்க்க ஓர் அமைப்பும் உண்டு. எங்கள் ஊரின் பெரும்பாலான உதவிகளில் இந்த மூன்றும் இல்லை. பொதி கொடுக்க இந்த வருடம் வந்தவர் அடுத்த வருடம் வருவதில்லை.

சுன்னாகத்தில் எப்படி?

புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஒரு சனசமூக நிலையம், ஒரு மாதர் சங்கம், ஒரு முதியோர் சங்கம் சேர்ந்து தங்கள் குறிச்சியில் தனித்து வாழ்பவர்கள் யார் என்று கூடிப் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். பத்துத் தொண்டர்கள் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் இரண்டு முதியவர்களுக்குப் பொறுப்பு, வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மணித்தியாலம். இருபது வீடுகள், ஆண்டுக்கு 1,040 சந்திப்புகள். ஒரு பொதி விநியோக நிகழ்வின் மேடைச் செலவில் இவர்களின் போக்குவரத்துக்கு எத்தனை மாதம் பெற்றோல் அடிக்கலாம் என்பதை ஏற்பாட்டாளர்களே கணக்குப் பார்க்கட்டும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது? பெரும்பாலும் கதை. யாழ்ப்பாணத்தில் எந்த முதியவரும் முதலில் கேட்பது "ஆற்றை பிள்ளை நீர்?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அரை மணித்தியாலம் போய்விடும். தாத்தாவின் பெயர், காணியின் பெயர், எந்தப் பள்ளிக்கூடம். பிறகு பத்திரிகை வாசித்துக் காட்டலாம். வங்கியிலிருந்து வந்த கடிதம், மின்சாரப் பட்டியல், கைத்தொலைபேசியில் வந்த குறுஞ்செய்தி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை கிளினிக்குக்கு எந்தத் திகதி என்று நினைவூட்டலாம், வேண்டுமானால் கூடப் போகலாம். சும்மா இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பதும் வேலைதான்.

கண்களைத் திறந்து வைத்திருப்பதும் ஒரு வேலை. மருந்துப் பெட்டி தொடப்படாமல் இருக்கிறதா? போன வாரத்தை விட மெலிந்துவிட்டாரா? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? கையில் நீலம் பாய்ந்திருக்கிறதா? வாழ்ந்தது போதும் என்று அடிக்கடி சொல்கிறாரா? இவற்றைக் கண்டால் தொண்டர் தானே வைத்தியராக மாறக்கூடாது. யாரிடம் சொல்ல வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதற்கான அறிவு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1987இல் உருவான சாந்திகம் யாழ்ப்பாணத்தில் பல தலைமுறை உளவளத்துணையாளர்களை உருவாக்கியிருக்கிறது. தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் எழுதிய 'தமிழ் சமுதாயத்தில் உளநலம்' என்ற நூல், ஊர்மட்டத் தொண்டர்களுக்கும் விளங்கும் மொழியில் உளநலத்தைப் பேசியது. போரின்போது அகதி முகாம்களுக்காகக் கற்றுக்கொண்டதை, இப்போது பூட்டிய கேற்றுகளுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

நான்கு எச்சரிக்கைகள்

முதலாவது பயம். படிவத்தோடும் பேனையோடும் வரும் அந்நியரை இந்த மண்ணின் முதியவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது சும்மா இல்லை. வீட்டில் எத்தனை பேர், மகன் எங்கே என்ற கேள்விகள் இராணுவப் பதிவுகளிலும் சுற்றிவளைப்புகளிலும் கேட்கப்பட்டவை. அந்தக் கேள்விகளின் பிறகு திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு. எனவே முதல் சந்திப்பில் ஊரில் தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும். முன்னால் இருந்து எதையும் எழுதக்கூடாது. படம் எடுக்கவே கூடாது. தன் வறுமை முகநூலில் போகுமென்றால் உதவியே வேண்டாம் என்று சொல்லும் மானமுள்ளவர்கள் எங்கள் முதியவர்கள்.

இரண்டாவது சொத்து. தனித்திருக்கும் முதியவரிடம் காணி உறுதியும் நகையும் வெளிநாட்டுக் காசும் இருக்கலாம். முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளைக் குறிவைத்த கொள்ளைச் சம்பவங்களையும் செய்திகளில் படிக்கிறோம். தொண்டர்கள் இரண்டு பேராகப் போவது, காசு கொடுப்பதோ வாங்குவதோ இல்லை என்பது, உறுதி, வங்கி அட்டை ஆகியவற்றைத் தொடுவதில்லை என்பது, யார் யார் தொண்டர்கள் என்பது கிராம அலுவலருக்குத் தெரிந்திருப்பது ஆகியவை தொண்டரையும் சேர்த்துப் பாதுகாக்கும். கட்சிக்கு ஆள் சேர்ப்பதும் மதம் மாற்றுவதும் இந்த வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்.

மூன்றாவது சாதி. பேசாமல் விட்டுவிட வசதியான விடயம் இது. எந்த வீட்டுப் படலையை யார் திறக்கலாம், யார் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கலாம் என்பதை எங்கள் ஊர்கள் இன்னும் முழுதாக மறந்துவிடவில்லை. தொண்டர் குழு ஒரே குறிச்சியில், ஒரே கோயில் நிர்வாகத்தில் இருந்து மட்டும் வந்தால், அது போகும் வீடுகளும் அதற்கேற்பவே அமையும். வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத, கூலி வேலை செய்து வயது போனவரின் வீடு பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அதனால் பட்டியல் யாரிடமிருந்து தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவது, நின்றுபோவது. இதுதான் மிகப் பெரிய ஆபத்து. நான்கு வாரம் வந்து ஐந்தாவது வாரம் வராமல் விடும் தொண்டர், ஏற்கெனவே பலர் விட்டுப்போன ஒருவரை இன்னொரு தடவை விட்டுப்போகிறார். தொண்டருக்கும் பரீட்சை வரும், வேலை வரும், விசாவும் வரும். அதனால்தான் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் பழக்கப்பட வேண்டும். போகவேண்டியவர் சொல்லிவிட்டுப் போகவேண்டும், அடுத்தவரைக் கூட்டிவந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போகவேண்டும். குறைவாக வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றுவதே நல்லது. வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் இருமுறை. ஆனால் சொன்ன நாளில்.

யாருடைய பொறுப்பு?

தொண்டர்களைப் பற்றிப் பேசும்போது அரசு நைசாகத் தப்பிவிட இடமுண்டு. படுக்கையில் இருப்பவரைக் கழுவித் துடைப்பதும், காயத்துக்கு மருந்து கட்டுவதும் பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் ஒருவரின் வேலை. அதை ஊர்ப் பெண்களின் இலவச உழைப்பில் ஏற்றிவிட்டுத் தொண்டு என்று பெயர் வைக்கக்கூடாது. சமூக சேவைகள் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. இந்தத் துறைக்குப் பொறுப்பாகத் தெரிவு செய்யப்பட்ட ஒருவரைக் கேள்வி கேட்க முதியவர்களுக்கு இன்று வழியில்லை. மாகாண சபைத் தேர்தல் என்பது அரசியல்வாதிகளின் கதிரைப் பிரச்சினை மட்டுமல்ல என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்துவிட்டது. சுன்னாகத்தில் அமைந்திருக்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சனசமூக நிலையங்கள் பிரதேச சபையோடு தொடர்புடையவை. தொண்டர்களின் போக்குவரத்துக்கும் தொலைபேசிக் கட்டணத்துக்கும் ஒரு சிறு ஒதுக்கீடு, வாசிகசாலையில் வாரத்தில் ஒரு பின்னேரம் வயதான பெண்களுக்கென ஒதுக்குவது, அவர்களைக் கூட்டிவர ஒரு முச்சக்கரவண்டி. இவை பாராளுமன்றம் போகத் தேவையில்லாத தீர்மானங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் உறுப்பினரிடம் வீதி விளக்கோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் மதிய உணவுக்கு அனுப்பும் தொகையை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஒரு பகுதியை ஆண்டு முழுவதற்கும் பிரித்து, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வருகைத் தொண்டுக்கு அனுப்பலாமா என்று யோசியுங்கள். உங்கள் அம்மாவைப் பார்க்கப் போகும் தொண்டர், அதே ஒழுங்கையில் யாருமில்லாத இன்னொரு அம்மாவையும் பார்க்கட்டும் என்பதை நிபந்தனையாக வையுங்கள். படம் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். எத்தனை வாரம் தவறாமல் போனார்கள் என்று கேளுங்கள்.

போரில் இழந்தவற்றைத் திருப்பித் தரும் சக்தி எந்தத் தொண்டருக்கும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்குப் பதிலாக எவரும் போய் நிற்க முடியாது. ஆனால் இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் பிள்ளை வரும் என்று ஒருவருக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அவர் முகம் கழுவி, கேற்றைத் திறந்து வைத்து, இரண்டு பேருக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பார். அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்க ஒரு காரணத்தைக் கொடுக்க எங்கள் ஊர்களால் முடியும். உங்கள் ஒழுங்கையில் அப்படித் தனித்திருப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். எந்த நாளில் போகலாம் என்று முடிவெடுப்பதுதான் மிச்சம்.